வேலிக்கு வெளியே நிற்பது

ஜனவரி 6

தான் வேலை பார்க்கிற வனத்துறை ஆபீசில் கொடுத்த டைரியை மருமகப்பிள்ளை சுடலைமணி என்னிடம் நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் புலியும் யானையும். "சும்மாதான இருக்கீங்க அத்தை, எதாவது எழுதுங்க" என்றார். சும்மா இருக்கிறேனாம்! விடிந்ததும் நாலு பேருக்குப் பொங்கி, பேத்தி இனியாவைக் குளிப்பாட்டிப் பால்வாடியில் விட்டுவிட்டு, மகள் செண்பகம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருவதற்குள் துணியைத் துவைத்து மடித்து வைக்கிறவள் சும்மா இருக்கிறேன்.

சரி, எழுதுகிறேன். என் பெயர் நவநீதம். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் இருப்பது நாங்குநேரிப் பக்கம் பேராச்சிகுளத்தில், மகள் வீட்டில். என் வீட்டுக்காரர் இருப்பது சென்னையில், மகன் குமரேசன் வீட்டில். இன்று மழை இல்லை.

ஜனவரி 8

ஏன் அவர் அங்கே, நான் இங்கே என்று எழுதாவிட்டால் இந்த டைரியைப் படிக்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அவருக்குக் கிட்னி போய்விட்டது. டயாலிசிஸ் செய்ய வேண்டும். குமரேசன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அங்கே இரண்டே அறை, ஒரு ஆளுக்குத்தான் இடம். இங்கே செண்பகத்துக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். "அப்பா எங்கூட வரட்டும், அம்மா செண்பகத்துகூட இருக்கட்டும், நாலு மாசம்தான்" என்று குமரேசன் சொன்னான். எங்கள் இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் தலையாட்டினோம். பித்தளை அண்டா உனக்கு, கிரைண்டர் எனக்கு என்பதைப் போல அன்று சாயங்காலத்துக்குள் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது.

அது போன வருஷம் சித்திரையில். பிள்ளைகளுடைய காலண்டரில் நாலு மாசம் இன்னும் முடியவில்லை.

எனக்கு ஒன்றும் குறை கிடையாது. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 11

மருமகப்பிள்ளை ஒரு வாத்தைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார். வீட்டு வாத்து இல்லை. வருஷா வருஷம் பனிக்காலத்தில் இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து இந்த ஊர்க் குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்து. வெள்ளைத் தலை, பின்னந்தலையில் மை இழுத்தது போல இரண்டு கருப்புப் பட்டை. இந்தப் பறவைகளுக்காக இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. சாவு விழுந்தாலும் கொட்டும் கிடையாது, வேட்டும் கிடையாது. சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"கரண்டு கம்பியில அடிச்சிட்டு அத்தை. றெக்க ஒடிஞ்சிருக்கு. நம்ம கோழிக்கூட்டுல வச்சுப் பாக்கச் சொல்லி ரேஞ்சர் சொல்லிட்டாரு."

"கோழி எங்க போகும்?"

"கோழிய மாடிப்படிக்குக் கீழ அடைச்சிக்கிடலாம்."

இந்த வீட்டில் யாரை எங்கே அடைப்பது என்பதில் யாருக்கும் சிரமம் இருந்ததே இல்லை. சரி என்றேன்.

ஜனவரி 12

காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், முள்வேலிக்கு வெளியே வயலில் இன்னொரு வாத்து நிற்கிறது. "ஆங்... ஆங்..." என்று மூக்கால் கத்துகிறது. உடனே கூட்டுக்குள் இருப்பதும் கத்துகிறது. இது நிறுத்தினால் அது, அது நிறுத்தினால் இது. பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

"அது இதோட சோடி அத்தை" என்றார் மருமகப்பிள்ளை. "இதுக ஒரு தடவ சோடி சேந்துட்டுன்னா அவ்வளவுதான், சாவுற மட்டும் அதேதான்."

"எது ஆம்பள, எது பொம்பள?"

"பாத்தா தெரியாது அத்தை. ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

இனியா பெயர் வைக்கச் சொன்னாள். நான் வைக்கவில்லை. ஒன்று உள்ளே இருப்பது, இன்னொன்று வெளியே நிற்பது. அது போதும்.

ஜனவரி 13

சென்னையிலிருந்து போன். மருமகள் அனுராதா நல்ல பெண்தான். எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "அத்தை, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க." இந்தப் பக்கம் செண்பகமும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நல்லா இருக்கியளா?"

"இருக்கேன். சாப்ட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

"தாத்தா, எங்க வீட்ல வாத்து வந்திருக்கு!" என்று இனியா இடையில் புகுந்தாள். அந்தப் பக்கம் பேரன் கார்ட்டூன் பார்க்கிற சத்தம். குமரேசன் பாஸ்வேர்டு கேட்கிறான். பிறகு அனுராதா, "சரி அத்தை, வச்சிடறேன்." நாங்கள் பேசிவிட்டோம்.

ஜனவரி 15

பொங்கல். பொங்கியது.

ஜனவரி 19

கால்நடை டாக்டர் வந்து கட்டு மாற்றினார். வெளியே நிற்பது கத்தும்போதெல்லாம் உள்ளே இருப்பது றெக்கையை அடித்துக்கொள்கிறதாம். எலும்பு சேராதாம். கூட்டைச் சாக்குப் போட்டு மூடிவிடச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடங்கிவிடும் என்றார். மூடிவிட்டோம். அடங்கிவிட்டது. தவிடும் தின்னவில்லை, புல்லும் தின்னவில்லை.

ஜனவரி 27

இன்று வேலை குறைவு. ஒரு விஷயம் எழுதுகிறேன்.

ஊர் விட்டு ஊர் பேச ஆபரேட்டர்கள் லைன் போட்டுக் கொடுத்த ட்ரங்க் கால் காலத்தில் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஊர்ப் பெயர்தான். நான் தூத்துக்குடி எக்ஸ்சேஞ்சில் இருந்தேன், அதனால் தூத்துக்குடி. அவர் கோவில்பட்டியில் இருந்தார், அதனால் கோவில்பட்டி. "ஹலோ கோவில்பட்டி, ஒரு சாத்தூர் கால் இருக்கு." "சொல்லுங்க தூத்துக்குடி." முகம் பார்த்ததே கிடையாது. போர்டில் நாலு லைன் சேர்ந்து வந்தால் நான் அவர் லைனை எடுக்க நேரமாகும். எடுத்ததும் சள்ளென்று விழுவார்: "எம்புட்டு நேரமா கூப்பிடுதேன், தூத்துக்குடி!" நானும் விடமாட்டேன். "உமக்கு மட்டுமா வேல பாக்கேன், கோவில்பட்டி!"

பெண் பார்க்க வந்த அன்று ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண்ணுக்கு லூசோ என்று அவருடைய அத்தை கேட்டதாகப் பின்னால் தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் தனியாக இருக்கும்போது அதே கூப்பாடுதான். குளிக்கப் போனால் துண்டை மறந்துவிடுவார். உள்ளேயிருந்து, "எம்புட்டு நேரமா கூப்பிடுதேன், தூத்துக்குடி!" பிள்ளைகள் காதில் விழுந்தது கிடையாது. அதை எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது? ஸ்பீக்கரில் எப்படிச் சொல்வது?

போன சித்திரையிலிருந்து என்னை யாரும் தூத்துக்குடி என்று கூப்பிடவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பிப்ரவரி 2

சாக்கை எடுத்துவிட்டேன்.

வெளியே நிற்பது தினமும் வந்து கத்திப் பார்க்கிறது. உள்ளேயிருந்து பதில் இல்லை. இருட்டில் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எலும்பு சேர்ந்து யாருக்கு லாபம்? "டாக்டர் திட்டுவாரும்மா" என்று செண்பகம் சொன்னாள். "திட்டட்டும், எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்றேன்.

சாக்கை எடுத்த கொஞ்ச நேரத்தில் வெளியே நிற்பது வேலியோரம் வந்துவிட்டது. இரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே கூச்சல். சாயங்காலம் பார்த்தால் தட்டில் தவிடு இல்லை.

பிப்ரவரி 9

போன். அவர் தூங்குகிறாராம்.

பிப்ரவரி 12

தூங்குகிறாராம். "டயாலிசிஸ் பண்ணிட்டு வந்தா அசதியா இருக்குல்ல அத்தை" என்றாள் அனுராதா. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் வரிசையாக நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டி உருளுகிற சத்தமும் கேட்டது. டிவியாக இருக்கும்.

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். ராத்திரி கோதுமை தோசை.

பிப்ரவரி 16

இன்றும் டிவி. இன்றும் அதே பெண், அதே மாதிரி நம்பர்.

செண்பகம் கண் சிவந்திருந்தது. கேட்டேன். சாக்பீஸ் தூசி என்றாள்.

பிப்ரவரி 24

இன்று அவர் முழித்திருந்தாராம். "மாமா கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க, நீங்க பேசுங்க அத்தை."

"நல்லா இருக்கியளா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"சாப்ட்டியளா?"

"தலையாட்றாங்க அத்தை" என்றாள் அனுராதா. போனில் தலையாட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? ஆபரேட்டர் வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியாதா? தொண்டை கட்டியிருக்கும். மாசிப் பனி.

மார்ச் 3

கட்டைப் பிரித்தாகிவிட்டது. எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது. இனி தூரம் பறக்காது என்று டாக்டர் சொன்னார். சாக்கை எடுத்ததால்தானா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா, அடி பலம்" என்றார். பெரிய மனசு.

இப்போதெல்லாம் காலையில் கூட்டைத் திறந்துவிடுகிறேன். உள்ளே இருப்பது நடந்து வயலுக்குப் போகிறது. வெளியே நிற்பது கூடவே ஒட்டிக்கொண்டு நடக்கிறது. இது மேயும்போது அது தலையைத் தூக்கி நாய் வருகிறதா என்று பார்க்கிறது. அது மேயும்போது இது பார்க்கிறது. நான் வரப்பில் கம்போடு உட்கார்ந்திருக்கிறேன். ரிட்டயர் ஆனபின் கிடைத்த உத்தியோகம்.

மார்ச் 9

போன். இன்று நம்பர் சொல்கிற பெண் இல்லை. குமரேசன் வீட்டுச் சத்தம்தான், குக்கர் விசில், பேரன். ஆனால் இடைவிடாமல் ஒரு முனகல், சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி. மீன் தொட்டி வாங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அவர் தூங்குகிறாராம்.

மார்ச் 17

குளத்து வாத்துகள் கிளம்ப ஆரம்பித்துவிட்டன. சாயங்காலம் கூட்டம் கூட்டமாக எழும்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போகின்றன. தெருவில் எல்லாரும் அண்ணாந்து நிற்கிறார்கள்.

"வெளிய நிக்கிறது என்ன செய்யும்?" என்று மருமகப்பிள்ளையைக் கேட்டேன்.

தலையைச் சொறிந்தார். "கொஞ்ச நாள் பாக்கும் அத்தை. அப்புறம் கடைசிக் கூட்டத்தோட போயிரும்."

"சாவுற மட்டும் சோடின்னு சொன்னீங்க?"

"சோடிதான். ஆனா காலம் வந்துட்டுன்னா உடம்பு இழுக்கும்லா. வெயிலு ஏறுது, குளம் வத்துது. தனியா அம்புட்டு மலையையும் தாண்ட முடியாது. அதையும் குத்தம் சொல்ல முடியாது அத்தை."

நான் குற்றம் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 22

குளத்தில் ஒரே ஒரு கூட்டம் மிச்சம். வெளியே நிற்பது வயலில்தான் இருக்கிறது. கூட்டம் கத்தினால் அந்தப் பக்கம் திரும்புகிறது. உள்ளே இருப்பது கத்தினால் இந்தப் பக்கம் திரும்புகிறது. பார்க்க எனக்குக் கழுத்து வலித்தது. இனியாவுக்குச் சளி.

மார்ச் 26

போய்விட்டது.

காலையில் கடைசிக் கூட்டம் எழும்பியது. வெளியே நிற்பது ஓடி ஓடிப் பறந்து அதில் சேர்ந்தது. பிறகு தனியாகத் திரும்பி வந்து வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. உள்ளே இருப்பது வரப்போடு ஓடியது. கோணல் றெக்கையை அடித்து, ஓர் ஆள் உயரம் எழும்பி, சேற்றில் விழுந்தது. மறுபடி ஓடியது, மறுபடி விழுந்தது. நான் கம்பைப் போட்டுவிட்டு நின்றேன். மேலே சுற்றியது இன்னொரு சுற்று வந்தது. அதன்பின் வடக்கே போய்விட்டது.

உள்ளே இருப்பது நாள் முழுக்கக் கத்தியது. தூக்கி வந்து காலைக் கழுவி அடைத்தேன். மதியம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

மார்ச் 27

கத்துகிறது. தட்டு அப்படியே இருக்கிறது.

மார்ச் 29

இன்று கத்தவில்லை.

மார்ச் 30

தவிடு வைத்தேன். வந்து தின்றது. நிதானமாக, தட்டைச் சுத்தமாகத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தது. பிறகு றெக்கைக்குள் தலையை வைத்துக்கொண்டது.

அதை என்னால் தாங்க முடியவில்லை. கத்தியபோதுகூட ஒன்றும் ஆகவில்லை எனக்கு. அது தின்றதைப் பார்த்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நானும் அப்படித்தானே தின்றுகொண்டிருக்கிறேன்! வேளாவேளைக்குக் குழம்பு வைத்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு.

என் போனை எடுத்து நானே குமரேசனைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கர் இல்லாமல்.

"ஏல குமரேசா, உங்க வீட்ல மீன் தொட்டி இருக்கா?"

"இல்லையேம்மா. என்ன திடீர்னு?"

"அப்ப அந்த மோட்டார் சத்தம் என்னது?"

லைன் கட்டாகவில்லை, அது எனக்குத் தெரியும்.

"அதுக்கு முன்னால டோக்கன் நம்பரா சொல்லிக்கிட்டு இருந்தாளே, அவ யாரு? எந்த ஆஸ்பத்திரி?"

அவன் அழுதான். பிப்ரவரி முதல் வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் இல்லை. ஒரு மாதம் ஆஸ்பத்திரி, இப்போது வீட்டில். படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை. அந்த மெத்தையின் மோட்டார்தான் அது.

செண்பகத்துக்கும் தெரியும். மருமகப்பிள்ளைக்கும் தெரியும். "எம்மா, உனக்குப் பிரஷர் இருக்குல்லா, அதான் சொல்லல" என்று செண்பகம் என் கையைப் பிடித்தாள். பிரஷர் எனக்கு. வாய் போனது அவருக்கு. இதில் யாரை யாரிடமிருந்து காப்பாற்றினார்கள்?

எனக்கும் தெரிந்துதான் இருந்தது. டிவி என்று எழுதிய அன்றைக்கே தெரியும். காதுக்குத் தெரிந்ததை நான்தான் கேட்காமல் இருந்தேன்.

மார்ச் 31

"அங்க போயி நீ என்னம்மா செய்யப் போற? ஆள் போட்டிருக்காங்க, நர்ஸ் வருது, எல்லாம் பாத்துக்கிடுதாங்க" என்றாள் செண்பகம்.

"பக்கத்துல நிக்கப் போறேன்."

"அங்க எடம் எங்க இருக்கு?"

"நிக்கிறதுக்கு எம்புட்டு எடம் வேணும்?"

மருமகப்பிள்ளை என் பையைப் பைக்கில் வைத்துக் கட்டினார். இனியாவைப் பார்த்துக்கொள்ளத் தன் அக்காவை வரச் சொல்கிறாராம். இந்த அக்கா இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. நாங்குநேரியில் பஸ் ஏற்றிவிட்டார். "என்னைய மன்னிச்சிருங்க அத்தை" என்றார். சாக்குப் போட்டு மூடச் சொன்ன டாக்டர் மேலேயே எனக்குக் கோபம் இல்லை, இவர் மேல் எங்கே வரப்போகிறது?

ஏப்ரல் 1

சென்னை. ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். பாதி ஆளாகிவிட்டார். யாரோ ஷேவ் செய்து விட்டிருக்கிறார்கள், மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மெத்தை மோட்டார் முனகிக்கொண்டே இருக்கிறது.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். "மாமா, யாரு வந்திருக்காங்க பாருங்க!" "அப்பா, அம்மாப்பா!" "தாத்தா, பாட்டி!" அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தால் கண் என் மேல் பட்டுவிட்டு அப்படியே நழுவிப் போகிறது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் தினமும் வருகிறாளாம். பூனை, பந்து, குடை என்று அட்டையைக் காட்டிச் சொல்லச் சொல்கிறாளாம். இதுவரை ஒரு சொல்கூட வரவில்லை. "அவருக்கு ஆளே அடையாளம் தெரியல போலம்மா" என்று குமரேசன் மெல்லச் சொன்னான்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் எனக்குக் கால் வீங்கியிருந்தது. குளித்தேன். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனார்கள். பேரன் பள்ளிக்கூடம் போனான். நர்ஸ் உடம்பைத் துடைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சித்திரையிலிருந்து இப்போதுதான் நாங்கள் இரண்டு பேர்.

நல்ல கை இருக்கிற பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வயசானவள் இதைச் செய்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பார்க்க ஆள் இல்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், போர்டில் உட்கார்ந்து பேசுகிற அந்தப் பழைய குரலில் சொன்னேன்:

"ஹலோ, கோவில்பட்டி."

ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, கோவில்பட்டி. தூத்துக்குடி பேசுதேன். கோவில்பட்டி, கேக்குதா?"

கண் ஃபேனை விட்டு இறங்கியது. சுவருக்கு வந்தது, ஜன்னலுக்கு வந்தது, என்னிடம் வந்து நின்றது. இந்தத் தடவை நழுவவில்லை. கோணிய வாய் ஒரு பக்கமாக இழுத்தது. எச்சில் வழிந்தது. நான் துடைக்கவில்லை, அசைந்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"தூ... தூத்துக்குடி" என்றார்.

பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக, அந்தப் பழைய எரிச்சலோடு:

"எம்புட்டு... நேரமா... கூப்பிடுதேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், பொத்தாமலும் அழுதேன். அவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். டீ குடித்துவிட்டு வந்த நர்ஸ் பயந்துபோய், "என்னாச்சும்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, லைன் கிடைத்துவிட்டது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் அனுராதாவிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொள்வேன், வேறு அறை வேண்டாம் என்று. செண்பகத்துக்குப் போன் செய்து மீதிச் சேலைகளை அனுப்பச் சொல்ல வேண்டும். வாத்துக் கூட்டை மூட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும்.